இடக்கை அரிவாளால் வழி திருத்திய ஒச்சம்மாள்

கொழுஞ்சிப்பட்டி என்னும் சிற்றூரில், ஐயனார் கோயிலுக்குப் போகும் வழியில் முள் வெட்டுவதையே தம் தொண்டாகக் கொண்டு வாழ்ந்தவர் ஒச்சம்மாள். அந்தப் பணியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து அதைப் பறித்துக்கொள்ளவும் யாரும் முன்வரவில்லை. பாதை ஊரைவிட்டுக் கிளம்பிக் கண்மாய்க் கரையில் இறங்கி, சீமைக் கருவேலங்காட்டுக்குள் நுழைந்து அரை மைல் தூரம் வளைந்து வளைந்து போகும். அந்தக் காடு இன்று வெட்டினால் நாளை மறுநாள் முளை நீட்டும். மழை பெய்துவிட்டால் மறுநாளே நீட்டும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால், பூசாரியின் வேட்டியில் பாதி கோயிலுக்கு வந்து சேரும். மீதி வழியிலேயே தங்கிவிடும்.

ஒச்சம்மாள் பொழுது விடிந்ததும் அரிவாளோடு கிளம்புவார். பாதைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டி, கீழே விழுந்த முள்ளைக் குனிந்து பொறுக்கிக் கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து செங்கல் சூளையில் கொண்டுபோய்ப் போடுவார். அதுவே அவருடைய பிழைப்பு. சூளைக்குப் போகும் முன் கோயில் வாசலில் நின்று ஐயனாருக்கு அன்றைய சேதியைச் சொல்லுவார்.

"அய்யா, மூணாவது வளைவுல ஒரு கிளை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. வெட்டிப்புட்டேன். நீங்க குதிரையில போறவுக, ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. கூட ஓடுற கருப்பு பாவம், வெறுங்காலு."

கருப்பு என்பது ஐயனாரின் காவல் தெய்வம். அவருக்கும் முள் குத்தும் என்று கவலைப்பட்ட உயிர் அந்த ஊரில் ஒச்சம்மாள் ஒருவர்தான்.

அவருடைய கணவர் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர், அங்கேயே வேறொரு குடும்பம் கண்டு தங்கிவிட்டார். சேதி வந்த அன்று ஊர்ப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். ஒச்சம்மாள் சற்று நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்க. அவருக்குச் சோறாக்குற நேரத்துல இன்னும் பத்தடி வெட்டலாம்" என்றார். வந்தவர்களுக்கு மேற்கொண்டு என்ன சொல்லி அழுவது என்று தெரியவில்லை. எழுந்து போய்விட்டார்கள்.

அவரை வாட்டிய துன்பம் வேறு. அவரிடம் எந்த அரிவாளும் நிலைப்பதில்லை. ஒன்று வாங்கிய மாதத்திலேயே வெற்றிலைபோல் ஓரம் சுருண்டது. இன்னொன்று பல் போன சீப்பாக ஆனது. மூன்றாவது, ஓங்கிய வேகத்தில் பிடியை அவர் கையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் பறந்துபோய்க் கண்மாயில் விழுந்தது. ஆண்டுக்கு ஒன்று, சில ஆண்டுகளில் இரண்டு என்று அரிவாள்கள் வந்தன, போயின. இதற்கு ஊரார் ஒரே காரணம்தான் சொன்னார்கள். ஒச்சம்மாள் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவர்.

பூசாரி கருத்தக்கண்ணன் ஒழுங்கு தவறாதவர். திருநீற்றை வலமிருந்து இடமாக இட்டால்கூட அழித்துவிட்டு மறுபடி இடச் சொல்லுபவர். ஒருநாள் அவர் ஒச்சம்மாளை வழியில் நிறுத்தினார்.

"ஏ ஒச்சம்மா, சாமி நடக்குற பாதைய நொட்டாங்கையில வெட்டுறியே, ஒனக்கே நல்லா இருக்கா? அதான் சாமி ஒன் அருவாளை ஒடிச்சு ஒடிச்சுப் போடுது. இனிமே சோத்தாங்கையில வெட்டு. இல்லாட்டி வெட்டாத."

பூசாரி வாக்கைச் சாமி வாக்காகவே எடுத்துக்கொண்ட ஒச்சம்மாள், மறுநாள் முதல் அரிவாளை வலக்கையில் பிடித்தார். முதல் நாள் கோயில் மணியின் கயிறு அறுந்தது. இரண்டாம் நாள் பூசாரி மரத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளின் பின்சக்கரம் வெடித்தது. மூன்றாம் நாள் ஒச்சம்மாளின் சொந்தச் செருப்பின் முன்பாதி போனது. விரல்கள் தப்பியது ஐயனார் செயல். இத்தனைக்கும் நடுவில் ஒரு முள்கூட வெட்டுப்படவில்லை.

அன்று அவர் கோயில் வாசலில் நின்று கேட்டார். "அய்யா, நான் விடிஞ்சும் விடியாம, பூசாரி வர்றதுக்கு முந்தி வந்து நொட்டாங்கையிலயே வெட்டிட்டுப் போயிரட்டுமா? அது பொய் ஆயிருமா?" ஐயனார் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் சொல்லியிருப்பாரே என்று ஒச்சம்மாள் தெளிந்தார். மறுநாள் முதல் அப்படியே செய்தார்.

அந்த ஆண்டு ஊரில் புரவி எடுப்பு என்று முடிவானது. ஒன்பது ஆண்டுகளாக மழை பொய்த்து நின்றுபோன திருவிழா அது. பதினொரு மண்குதிரைகளைச் செய்து, தோளில் சுமந்து ஐயனார் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். குதிரைகள் ஆள் உயரம். பாதையோ ஆடு ஒன்று ஒதுங்கிப் போகும் அகலம். ஊர்க்கூட்டத்தில் பூசாரி எழுந்தார்.

"உள்ள போக வழியே இல்ல. கண்மாய்க் கரையிலேயே குதிரைகளை எறக்கி வச்சு, அங்கிட்டுப் பாத்துச் சூடம் காட்டிருவோம். சாமிக்குத் தெரியும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒச்சம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்பது வருடம் கழித்து வருகிற குதிரை, வீட்டுக்குள் வராமல் தெருமுனையில் நிற்பதா?

"நான் வெட்டித் தாரேன்" என்றார்.

கூட்டம் சிரித்தது. ஊர்த்தலைவரான அம்பலம் மட்டும் சிரிக்கவில்லை. எதையும் உடனே முடிவு செய்யாத குணம் அவருக்கு. "திருவிழாவுக்குப் பதினஞ்சு நாளு இருக்கு. வெட்டட்டுமே. வெட்டலைன்னா பூசாரி சொன்னபடி செய்வோம்" என்றார். பூசாரி தம் பங்குக்கு, "சோத்தாங்கையில" என்று முடித்தார். ஒச்சம்மாள் தரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை முதல் மரத்தில் முதல் வெட்டு விழுந்தது. அரிவாள் இரண்டாக முறிந்தது.

வியாழக்கிழமைச் சந்தையில் அரிவாள் விற்பவர்கள் வரிசையாகச் சாக்கு விரித்திருந்தார்கள். ஒச்சம்மாள் முதல் கடையிலிருந்து தொடங்கினார். ஒவ்வோர் அரிவாளையும் எடுத்து ஒரு கண்ணை மூடி முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். சத்தம் சட்டென்று செத்தால் கீழே வைத்தார். பிடியைப் பற்றி உலுக்கினார். காம்பு பிடிக்குள் பாதிவரைதான் போயிருக்கிறது என்று தெரிந்தால், விற்றவரைத் துக்க வீட்டுக்கு வந்தவர்போலப் பார்த்தார். நாற்பது அரிவாள் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை.

"ஏத்தா, அருவா வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார் ஒரு கடைக்காரர்.

"பொண்ணுன்னா கொறை இருந்தாலும் கட்டிக்கிறலாம்ண்ணே. இது சாமி காரியம்."

வரிசையின் கடைசியில் நாகலிங்க ஆசாரி உட்கார்ந்திருந்தார். வந்தவர்களிடம் எரிந்து விழுவதால் அவர் சாக்கில் எப்போதும் கூட்டம் இருக்காது. லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி அடித்த அரிவாள்கள் அவருடையவை. ஒச்சம்மாள் ஒன்றைச் சுண்டினார். கோயில் மணிபோலச் சத்தம் நீண்டது. முகம் மலர்ந்தது. ஆனாலும் பழக்கத்தால் முறிந்த அரிவாளை மடியிலிருந்து எடுத்துக் காட்டி, "இது மாதிரி ஒடியாதுல்ல?" என்று கேட்டார்.

ஆசாரி முறிந்த துண்டுகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தானா ஒடியல. யாரோ முறுக்கி ஒடிச்சிருக்காக. எந்தக் கையில வெட்டுற நீயி?"

ஒச்சம்மாள் இடக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"காட்டுத்தா. கடிச்சா தின்னுருவேன்?"

கையை நீட்டினார். காய்ப்பேறிய அந்த உள்ளங்கையை ஆசாரி பார்த்தார். பிறகு தம் அரிவாள் ஒன்றை எடுத்து அதன் வெட்டுவாயைக் காட்டினார்.

"இங்க பாரு. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தட்டை. சோத்தாங்கையில ஓங்குனா மரத்துக்குள்ள எறங்கும். நொட்டாங்கையில ஓங்குனா வழுக்கி வெளிய வரும். வழுக்காம இருக்க நீ மணிக்கட்டை முறுக்கி வெட்டியிருக்க. இத்தனை வருசமா முறுக்குனா இரும்பு என்ன பண்ணும்? ஒன் கையி கோணல் இல்லத்தா. அருவாதான் கோணல்."

ஒச்சம்மாள் தம் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். "அப்ப இத்தனை வருசமா ஊர்ல என்னைய வைஞ்சதெல்லாம்?"

"அதுக்கு நான் பொறுப்பில்ல."

"எனக்கு மாத்திச் சரிவு வச்சு ஒண்ணு அடிச்சுக் குடுங்க ஆசாரி."

"முடியாது. முப்பது வருசமா ஒரு பக்கமே அடிச்ச கையி. வேற ஆளைப் பாரு."

ஒச்சம்மாள் வேறு ஆளைப் பார்க்கவில்லை. சந்தை கலைந்ததும் ஆசாரியின் பின்னாலேயே நடந்து அவருடைய பட்டறை வாசலில் போய் உட்கார்ந்தார். மறுநாள் காலை கருவேலங்கட்டை ஒரு சுமை வெட்டிக் கொண்டுவந்து உலைக்கென்று போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "போன்னு சொன்னா போகாத ஆளை நான் பாத்ததே இல்ல" என்று கத்திக்கொண்டே ஆசாரி உலையை மூட்டினார்.

அவர் அடித்த முதல் அரிவாள் அருமையாக அமைந்தது. எடுத்துப் பார்த்தால் வலக்கை அரிவாள். தம்மையே திட்டிக்கொண்டு இரண்டாவது அடித்தார், அதுவும் வலக்கை. கை தன் பாட்டுக்குப் பழகிய பக்கம் போயிருந்தது. மூன்றாவதற்கு அவர் சலூன் கடையிலிருந்து கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி எதிரே மாட்டி, அதைப் பார்த்துக்கொண்டே சம்மட்டியை ஓங்கினார். தவறான பக்கம் குனிந்து மீசையின் ஒரு பாதியைக் கருக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் ஆசாரி சரிவு வைக்காமல் இரும்பை மட்டும் உருவாக்கினார். சாணைச் சக்கரத்தைத் தாம் சுற்றினார். "ஒங் கைக்கு எது சரியோ அதை நீயே தீட்டு" என்று ஒச்சம்மாளிடம் கொடுத்தார். ஒச்சம்மாள் இடக்கையால் பிடித்து, தீப்பொறி பறக்கத் தம் அரிவாளுக்குத் தாமே வாய் வைத்தார். ஆசாரி அதைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூடு காட்டி ஆறவிட்டு, நாட்டுக் கருவேலம் பிடிக்குள் காம்பை முழுநீளத்துக்கும் இறக்கி அடியில் மடக்கி அடித்தார்.

"உடைஞ்சா கொண்டா, நான் மீசையை எடுத்துர்றேன்" என்றார். பாதி மீசையோடு அவர் அதைச் சொன்னபோது ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒச்சம்மாள் கோயில் வாசலிலிருந்து ஊரை நோக்கி வெட்டத் தொடங்கினார். வீட்டைப் பெருக்கினால் உள்ளேயிருந்து வாசலுக்குத்தானே பெருக்குவார்கள் என்பது அவர் கணக்கு. புது அரிவாளின் முதல் வீச்சில் மணிக்கட்டுப் பருமனுள்ள கிளை சத்தமில்லாமல் சாய்ந்தது. மரம்தான் உளுத்துவிட்டதோ என்று அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். பச்சை மரம். இத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக மணிக்கட்டு வலிக்காமல் வெட்டினார். விடியுமுன் போய் உச்சிப்பொழுது சாய்ந்தும் நின்று, கிளைகள் கன்னத்தைக் கீற, குதிரை போகும் அகலத்துக்குக் காட்டைத் திறந்துகொண்டே வந்தார். பூசாரி போய்வரும் நேரத்தில் மட்டும் அரிவாளை வைத்துவிட்டுக் குனிந்து முள் பொறுக்கினார். திருவிழாவுக்கு முதல் நாள், கண்மாய்க் கரைக்கு இன்னும் நாற்பது அடிதான் பாக்கி.

அன்று பாதையின் அகலத்தை அளக்க, வழக்கமில்லாத நேரத்தில் குச்சியோடு வந்த பூசாரி, வளைவில் நின்று பார்த்துவிட்டார்.

"நொட்டாங்கை!"

சற்று நேரத்தில் ஊரே கூடிவிட்டது. நொட்டாங்கையால் வெட்டிய பாதையில் குதிரை போகாது என்றார் பூசாரி. போனாலும் தாம் போகப்போவதில்லை என்றார். அம்பலம் காட்டைப் பார்த்தார். அவ்வளவு அகலமான பாதையை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பூசாரியைப் பார்த்தார். வழக்கம்போல முடிவைத் தள்ளி வைத்தார்.

"நாளைக்குச் சாமி வரும்ல, சாமிகிட்டயே கேப்போம். அதுவரைக்கும் ஒச்சம்மா, நீ அருவாளை எறக்கு."

ஒச்சம்மாள் அரிவாளைத் துணியில் சுற்றினார். தாம் வெட்டிய பாதை வழியே தனியாக நடந்து கோயிலுக்குப் போனார். "அய்யா, நாப்பது அடி நிக்குது. என்னையத் தடுத்துட்டாக. இனிமே ஒங்க பாடு" என்று சொல்லிவிட்டு, வெட்டிப் போட்ட முள்ளைக் கட்டித் தூக்கிக்கொண்டு சூளைக்குப் போனார்.

மறுநாள் பகலில், கொட்டு முழங்கப் பதினொரு குதிரைகளும் தோள்களில் ஏறிக் கண்மாய்க் கரைக்கு வந்தன. அங்கே நின்றன. எதிரே நாற்பது அடி முள், அதற்கப்பால் திறந்த வழி. கருப்பு இறங்கி அருள்வாக்குச் சொல்வது எப்போதும் பூசாரி கருத்தக்கண்ணன்மேல்தான். தம் வாயால் வரப்போகும் தீர்ப்பு என்ன என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. கொட்டு வேகமெடுத்தது. பூசாரியின் உடம்பு நடுங்கியது. கண்கள் மேலே சென்றன. அடிவயிற்றிலிருந்து ஓர் அதட்டல் எழுந்தது. கருப்பு வந்துவிட்டார்.

"கொண்டாங்கடா அருவாளை!"

கோயில் அரிவாளை அம்பலம் பணிவோடு அவர் வலக்கையில் வைத்தார். அது கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. வலக்கை விரல்கள் மூடவே இல்லை. அப்போது சாமியின் இடக்கை மெல்ல உயர்ந்து விரிந்தது. கொட்டு அடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இடக்கையில் அரிவாளை வாங்கிய சாமி ஓங்கி ஒரு மரத்தில் வெட்டினார். அந்த அரிவாள் நேர்ந்துகொண்டவர்கள் காணிக்கையாகச் செய்து வைத்தது. மணி கட்டிய அழகுத் தகடு. கரண்டிபோல வளைந்துபோனது.

"எனக்கென்னடா, விளையாட்டுச் சாமானா குடுக்குறீக? அந்தா, கடைசியில நிக்கிறாளே, அவ அருவாளைக் கொண்டாங்க!"

கூட்டம் விலகி வழிவிட்டது. ஒச்சம்மாள் துணியில் சுற்றியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். கொடுப்பதற்கு முன், மறைப்பது முறையல்ல என்று உண்மையைச் சொன்னார்.

"அய்யா, இது சோத்தாங்கைக்கு ஒத்துவராது."

"தெரியும் தாயி" என்றார் கருப்பு. "அதான் கேட்டேன்."

பூசாரி கருத்தக்கண்ணன் தம் வாழ்நாளில் எலுமிச்சம்பழத்தைத் தவிர எதையும் வெட்டியறியாதவர். அன்று அவர் உடம்பில் நின்றவர் இடக்கையால் வீசிய வேகத்தில் கிளைகள் இருபுறமும் பறந்தன. கொட்டு ஒரு சுற்று முடிவதற்குள் நாற்பது அடியும் திறந்து, ஊர் வழியும் கோயில் வழியும் ஒன்றாயின. சாமி திரும்பி ஊரைப் பார்த்தார்.

"இந்தக் கையி ஆகாதுன்னு சொன்னவன் எவன்டா?"

சொன்ன வாயே கேட்கிறது. என்னவென்று பதில் சொல்வது? அம்பலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாருக்கும் பழுது வராமல் மெதுவாகச் சொன்னார்.

"சாமி... அவரு இப்ப இங்க இல்ல."

"வந்தா சொல்லு" என்றார் கருப்பு. "நான் கேட்டேன்னு சொல்லு."

சாமி முன்னே அடியெடுத்து வைத்தார். குதிரைகள் தோளில் அசைந்தன. அப்போது, "கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு குரல் கேட்டது. ஒச்சம்மாள் பாதையின் நடுவே குந்தி உட்கார்ந்து, சாமி வெட்டிப் போட்ட முள்ளை மளமளவென்று பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க வெட்டிப்புட்டீக. குதிரை தூக்குறவுகளும் வெறுங்கால்தான, இதை யாரு பொறுக்குவா?"

கருப்பின் முன்னே குறுக்கிட்டவர் யாரும் அதுவரை அந்த ஊரில் இல்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆனால் சாமி தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்து நின்றார். கொட்டு நின்றது. பதினொரு குதிரைகளும் வெயிலில் நின்றன. கடைசி முள்ளையும் பொறுக்கி ஒச்சம்மாள் எழுந்து முந்தானையை உதறும்வரை, ஊரே அப்படி நின்றது. பிறகு கருப்பு அவருடைய அரிவாளை அவர் இடக்கையிலேயே கொடுத்து, "முன்னால நட" என்றார். குதிரைகளுக்கு முன்னால் ஒச்சம்மாள் நடந்தார்.

ஐயனார் முன் சூடம் காட்டி முடிந்து, சாமி மலையேறியதும் பூசாரி கண்விழித்தார். இடது தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார். "ஏன் இந்தக் கையி இப்படி வலிக்குது?" என்று கேட்டார். அம்பலம் ஒரு மண்குதிரையின் காதை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு குதிரையைப் பார்த்தார்கள். ஒச்சம்மாள்தான் அருகே வந்தார்.

"நல்லெண்ணெய் போட்டுத் தேய்ச்சு வெந்நி ஊத்துங்க பூசாரியய்யா. புதுசுல அப்படித்தான் இருக்கும். பழகிட்டா வலிக்காது" என்றார்.

தம் தெய்வத்தின் வழியில் முள் இருக்கலாகாது என்பதைத் தவிர வேறொன்றும் வேண்டாதவர். அந்த முள்ளைப் பொறுக்கத் தெய்வத்தையே காத்திருக்கச் சொன்னவர். கொழுஞ்சிப்பட்டி ஒச்சம்மாளின் இடக்கைக்கு நம் இரு கையும் கூப்பிய வணக்கம்.